ஓரளவு ஆதரவு

லிஃப்ட்காரர் இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் ஆளை வெளியே எடுக்க வேண்டும். மோட்டார் என்ன மாடல், கயிறு எந்த வருஷத்துக் கயிறு என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் என்றும் அவர் நினைத்ததில்லை, ஊடகப்பெட்டி உதவிச் சங்கத்தின் படியில் கால் வைக்கும்வரை.

சங்கத்துக்குப் போனது மனைவியின் குரலுக்காக.

மூன்று மாதத்துக்கு முன்னால் மனைவியின் தொண்டையில் இருந்த கட்டியை எடுத்தார்கள். கட்டியோடு குரல்வளையையும் எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் இப்போது கூப்பிட வேண்டுமானால் விரலைச் சொடுக்குகிறாள், சொல்ல வேண்டுமானால் சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள ஒரு வெள்ளைப் பலகையில் எழுதுகிறாள். பலகை சின்னது என்பதால் ஒரு விஷயத்துக்கு நாலைந்து வார்த்தைதான். இத்தனை வருஷம் வீணாக நீட்டி முழக்கிவிட்டேன் என்று ஒருநாள் எழுதப்போய், இடம் போதாமல் ‘வீணாக நீட்டி’ என்பதோடு நின்றுவிட்டாள்.

லிஃப்ட்காரருக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. எழுந்தார், பல் தேய்த்தார், வேலைக்குப் போய்ச் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டார். உடம்பு போகிற இடத்துக்கெல்லாம் அவரும் கூடவே போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒருநாள் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தபோது, அவள் “ஏங்க” என்று எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தார். வார்த்தை ஞாபகம் வந்தது, குரல் வரவில்லை. ஸ்பானரை இடதுகையிலிருந்து வலதுகைக்கு மாற்றிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தார்.

வீட்டில் டிவியோடு இணைத்த ஒரு பெட்டி இருந்தது. மனைவியின் தம்பி வெளியூர் போகும் முன் அமைத்துக் கொடுத்தது. படம், பாட்டு, வீட்டு வீடியோ எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றிவிட்டு, பழைய போனையும் கேமராவையும் தலைமுழுகிவிட்டுப் போயிருந்தான். வீட்டு வீடியோ மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் எடுத்தவள் மனைவி. அதனால் ஒன்றிலும் அவள் முகம் கிடையாது. கடலை எடுத்தாலும், பாலத்தை எடுத்தாலும், புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜை எடுத்தாலும், அதை மறைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் நட்டுவைத்தது போல் நிற்பார். பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்: “ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது.”

அன்று வேலையிலிருந்து வந்ததும் பெட்டியைப் போட்டார். படம் வந்தது. அவர் நின்றார். சத்தம் வரவில்லை.

மச்சினனுக்குப் போன் செய்தார்.

“மாமா, அது லினக்ஸ்ல ஓடுற பெட்டி. காசுக்கு விக்கிற சமாச்சாரம் இல்ல. உலகத்துல உள்ள நல்ல மனுசங்க எல்லாம் சேர்ந்து சும்மா செஞ்சு குடுத்தது.”

“சரிப்பா. சத்தம் வரலையே.”

“அதுக்கும் நல்ல மனுசங்க இருக்காங்க. உங்க ஊர்லயே சங்கம் இருக்கு. பெட்டியைத் தூக்கிட்டுப் போங்க.”

சங்கம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘இந்தக் கோளாறு ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டுள்ளது. மீண்டும் தெரிவிக்க வேண்டாம்.’ லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார். கதவின் அடிப்பள்ளத்தில் ஒரு செருப்பு வார் சிக்கியிருந்தது. பத்து நிமிஷ வேலை. மேலே போய்ச் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார்.

“அது தெரிஞ்ச கோளாறு,” என்றார் சங்கத்தின் செயலாளர். வெளுத்த முழுக்கைச் சட்டை, காதில் பேனா. “தெரிஞ்ச கோளாறுல நாங்க கை வைக்கிறதில்லை. உங்க கோளாறு என்ன?”

“பெட்டியில சத்தம் வரல.”

“தேடிப் பாத்தீங்களா?”

“எதை?”

செயலாளர் சுவரைக் காட்டினார். தரையிலிருந்து கூரைவரை அலமாரி, அலமாரி நிறையக் கோப்புகள். இதுவரை உலகத்தில் யார் யார் என்னென்ன கேட்டார்களோ அத்தனையும் அதில் இருந்தது. புதிதாக வருகிறவர் மூன்று மணி நேரம் அதில் தேடிய பிறகுதான் வாய் திறக்கலாம் என்பது விதி. லிஃப்ட்காரர் தேடினார். சத்தம் வரவில்லை என்று அறுநூறு பேர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழேயும், இது ஏற்கெனவே கேட்கப்பட்டது, முந்தைய கோப்பைப் பார்க்கவும் என்று இருந்தது. முந்தைய கோப்பு அதற்கு முந்தையதைக் காட்டியது. மூன்றாவது மணி நேரத்தின் கடைசியில், எல்லாவற்றுக்கும் முந்தைய கோப்பு கையில் கிடைத்தது. அதில் பூச்சி அரித்த ஓட்டை மட்டும் இருந்தது.

“கிடைச்சுதா?”

“இல்லீங்க.”

“அப்ப சரியா தேடல. போகட்டும், உக்காருங்க.”

எதிர்ச் சுவரில் ஒரு காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நடுங்கிய கையெழுத்தில் இரண்டே வார்த்தை: ‘சரியாகிவிட்டது. நன்றி.’

“எங்க சங்கத்தோட முதல் வெற்றி,” என்றார் செயலாளர்.

“எப்படிச் சரியாச்சாம்?”

“அதை அவர் எழுதல. அப்புறம் இந்தப் பக்கம் வரவும் இல்ல.”

என்ன ஆளப்பா இவன் என்று தோன்றியது லிஃப்ட்காரருக்கு. தன் காரியம் ஆனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். இன்னும் ஒரு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்?

அடுத்தது விண்ணப்பம். பெட்டியின் மாடல், உள்ளே இருக்கிற சிப்பின் பெயர், டிவியின் பெயர், இரண்டுக்கும் நடுவிலுள்ள கம்பியின் நீளம், கம்பி வாங்கிய கிழமை. கோளாறு என்ற இடத்தில் ‘சத்தம் வரவில்லை’ என்று எழுதியதைச் செயலாளர் சிவப்பு மையால் அடித்தார். “தலைப்பு விவரமா இருக்கணும். இப்படி மொட்டையா எழுதினா உதவ நினைக்கிறவங்களுக்கு மனசு புண்படும்.” பிறகு ஒரு பட்டியலைப் புரட்டி, “உங்க பெட்டி ஓரளவு ஆதரவு வகை,” என்றார்.

“அப்படின்னா?”

“படத்துக்கு ஆதரவு உண்டு. சத்தம் வந்தா சந்தோஷம்.”

அப்புறம் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தினமும் சொல்கிற பேச்சைச் சொன்னார். “ஐயா, நாங்க எல்லாரும் தன்னார்வலர்கள். ஒரு பைசா வாங்கறதில்ல. அதனால எங்களை யாரும் அவசரப்படுத்த முடியாது. காசு வாங்கியிருந்தா உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை வந்திருக்கும். அந்த இழிநிலைக்கு நாங்க போகல.” பக்கத்து அறையிலிருந்து கைதட்டல் கேட்டது.

பக்கத்து அறையில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ‘ஏற்கெனவே கேட்கப்பட்டவர்கள்’ என்று கதவில் எழுதியிருந்தது. முப்பது, நாற்பது பேர் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தையற்காரம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். பின்னியது ஏற்கெனவே தரையைத் தொட்டிருந்தது.

“எவ்வளவு நாளா இருக்கீங்கம்மா?” என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

“மூத்தவ கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன். மத்தபடி இங்கதான். உங்ககிட்ட லாக் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப பக்கத்துல உக்காருங்க.”

லாக் என்பது, பெட்டி தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் வரி வரியாக எழுதி வைக்கிற நாட்குறிப்பு. கேட்டால்தான் எழுதும். அது இல்லாமல் சங்கத்தில் நாற்காலிகூட நகராது. அதைப் படிப்பதற்கென்றே லாக் பரிசோதகர் என்று ஒருவர் உள்ளறையில் இருந்தார். தடித்த கண்ணாடி, மெதுவான குரல். லிஃப்ட்காரரின் விண்ணப்பத்தை ஒரு பார்வை பார்த்தார், லேசாகச் சிரித்தார். “லாக் எடுத்துட்டு வாங்க,” என்று மட்டும் சொல்லி, எந்த இடத்தில் எதை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அதே மாதிரி அழுத்தினார். பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது. டிவியின் மேல்பாதியில் எழுத்துகள் மளமளவென்று ஓடத் தொடங்கின. கடல் வீடியோவைப் போட்டார். அவர் தலை எழுத்துகளுக்குப் பின்னால் போய்விட்டது. கழுத்துக்குக் கீழே ஒரு சட்டை நின்றது.

“ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது.”

சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது. மனைவி ஓடி வந்து கதவோரம் நின்றாள். குரல் தொடர்ந்தது, எதற்கோ சிரித்தது, வெயிலைத் திட்டியது. லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் மாட்டிக்கொண்டார். உள்ளே ஏதோ அசைவது போல் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. மனைவி பலகையில் எழுதினாள்: ‘இவ்வளவு கத்துவேனா?’

லாக்கை நிறுத்தினார். பெட்டி அணைந்து எழுந்தது, சத்தம் போயிற்று. போட்டார், வந்தது. பத்து முறை செய்து பார்த்துவிட்டு மறுநாளே பரிசோதகரிடம் போய் நின்றார்.

“லாக் போட்டா சத்தம் வருதுங்க.”

“அப்ப லாக்ல கோளாறு இருக்காது. கோளாறு இல்லாத லாக்கை நாங்க வாங்கறதில்ல.”

“லாக் போடலைன்னா வரல.”

“லாக் இல்லாம சொல்ற கோளாறை நாங்க வதந்தின்னு சொல்லுவோம்.”

விஷயம் செயற்குழுவுக்குப் போயிற்று. இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வந்து போகிற கோளாறு என்பதால், நடுவில் நிறுத்தாமல் முப்பது நாள் ஓடிய முழு லாக் வேண்டும். அதிலிருந்து ஒரு வரிகூடக் குறையக் கூடாது. முப்பது நாளும் பெட்டியின் சூழல் மாறக் கூடாது. அப்படிக் கொண்டுவந்தால் பெட்டி நிரந்தரமாகச் சரியாகும் என்று செயலாளர் எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்.

லாக் சும்மா இருக்கிற ஜாதியில்லை. பெட்டி மூச்சு விட்டால் ஒரு வரி, விடாவிட்டால் இரண்டு வரி. ஒன்பதாம் நாள், இடம் போதவில்லை என்று திரையில் வந்தது. மச்சினன் ஏற்றிவைத்த சினிமாக்களை அழித்தார். பதினாலாம் நாள் பாட்டுகள் போயின. பதினேழாம் நாள் பெட்டிக்குள் லாக்கும் நாற்பத்தொரு வீடியோக்களும் தவிர வேறொன்றும் இல்லை.

சங்கத்துக்குப் போன் செய்தார். “வீடியோவை எல்லாம் வேற எதுலயாவது எடுத்து வச்சுக்கட்டுமாங்க?”

“வெளியே எடுத்தா சூழல் மாறிடும். மறுபடி முதல் நாள்லேர்ந்து வரணும்,” என்றார் செயலாளர்.

“அழிச்சா?”

“அழிக்கிறது பராமரிப்பு. அதுக்குத் தடையில்ல.”

வேறு யாராக இருந்தாலும் விதியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். லிஃப்ட்காரர் இருபத்தாறு வருஷமாகச் சோதனைப் பட்டியலின் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தவர். போதாக்குறைக்கு இந்த நாலு மாதமாக அவர் தலை அவரிடம் இல்லை. அழித்தது போக மிச்சமிருப்பதாவது சத்தத்தோடு நிலைக்கும் என்று கணக்குப் போட்டார். மனைவியிடம் சொன்னார். அவள் நெடுநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: ‘சரி. ஃப்ரிட்ஜ் போகட்டும்.’

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டோ மூன்றோ வீடியோ. சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை பார்ப்பார்கள், கேட்பார்கள், அழிப்பார்கள். எதை முதலில் என்று அவள்தான் முடிவு செய்தாள். ‘சளி பிடித்த குரல், வேண்டாம்.’ ‘உங்கள் அக்காவோடு சண்டை. அழியுங்கள்.’ ‘இதில் பாடுகிறேன். சீக்கிரம்!’ அந்தக் கடைசி ஒன்றுக்கு லிஃப்ட்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். அழுத்திய பிறகும் கொஞ்ச நேரம் வாய் சிரித்த நிலையிலேயே இருந்தது, மூடுவதற்கு மறந்துவிட்டது.

முப்பதாம் நாள் ஒன்றே ஒன்று மிச்சம். கடல் வீடியோ. அதையும் சுருக்கிச் சுருக்கிப் பன்னிரண்டு செகண்ட் மட்டும் வைத்திருந்தார். ‘ஏங்க’வும் ‘தள்ளி நில்லுங்க’வும், பின்னால் அந்தச் சிரிப்பும்.

“பன்னிரண்டு செகண்ட் போதும் இல்லையா?” என்று கேட்டார்.

‘எனக்கு எதுக்கு? உங்களுக்குத்தான்,’ என்று எழுதினாள் மனைவி. பெட்டியைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

சங்கத்தில் அன்று திருவிழாக் கூட்டம். முழு லாக் ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு உறுப்பினர்கள் எல்லாரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பரிசோதகர் பெட்டியை உள்ளறைக்கு எடுத்துப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“எண்பத்தி மூணு லட்சம் வரி,” என்றார். “ஒரு வரி குறையல. என் சர்வீஸ்ல நான் இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல.”

கைதட்டினார்கள். தையற்காரம்மாவும் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தட்டினார்.

“காரணம் முதல் வரியிலேயே இருக்கு,” என்று பரிசோதகர் தொடர்ந்தார். “பெட்டி எழுந்திருச்ச ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் சத்தம் குடுக்கிற பாகம் எழுந்திருக்குது. அதுக்குள்ள பெட்டி ‘சரி, அது இல்ல போல’ன்னு விட்டுடுது. லாக் எழுதும்போது பெட்டி மெதுவாகிடும், அதனால பிடிச்சுக்கும். அமைப்புல ஒரு இடத்துல ‘ரெண்டு செகண்ட் காத்திரு’ன்னு போட்டேன். முடிஞ்சுது. இதெல்லாம் முதல் நாள் உங்க விண்ணப்பத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்.”

லிஃப்ட்காரர் அவரையே பார்த்தார். “முதல் நாளே தெரியுமா?”

“தெரியும். ஆனா லாக் இல்லாம வாய்க்கு வந்ததைச் சொல்றது எங்க வழக்கமில்ல. நாளைக்கு நாலு பேர் எங்களை ஜோசியக்காரன்னு சொல்லிடக் கூடாது பாருங்க.”

“அப்ப… சத்தம் வருதா?”

“கணீர்னு வருது.”

“அந்தக் கடல் வீடியோவை ஒருதரம் போடுங்க.”

பரிசோதகர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். “கடலா? லாக்கைத் திறக்கக் கொஞ்சம் இடம் பத்தல. ஏதோ பன்னிரண்டு செகண்ட் துணுக்கு ஒண்ணு கிடந்துது. ஒருத்தர் குறுக்க நிக்கிறார், பின்னால என்ன இருக்குன்னே தெரியல. பராமரிப்பு பண்ணிட்டேன்.”

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார்.

“நன்றியெல்லாம் வேண்டாம்,” என்று செயலாளர் குறுக்கே வந்தார். “நாங்க தன்னார்வலர்கள். இப்ப பெட்டியில சத்தம் வராத வீடியோ எதாவது இருக்கா?”

“இல்ல.”

“சத்தம் வராத வீடியோ ஒண்ணுகூட இல்லைன்னு இவர் வாயாலேயே சொல்லிட்டார், குறிச்சுக்குங்க.” விண்ணப்பத்தின் மேல் முத்திரை விழுந்தது: ‘தீர்ந்தது’. மறுபடியும் கைதட்டல். செயலாளர் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் காதிலிருந்த பேனாவையும் முன்னால் வைத்தார். “எப்படித் தீர்ந்ததுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. பின்னால வர்றவங்களுக்கு உதவியா இருக்கும்.”

லிஃப்ட்காரர் பேனாவை எடுத்தார். சொல்ல நிறைய இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தார். ஃப்ரிட்ஜிலிருந்தா, சளிக் குரலிலிருந்தா, பாட்டிலிருந்தா? கை நடுங்கியது. நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் அந்தச் சட்டம் தெரிந்தது. நடுங்கிய கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று தோன்றியது.

குனிந்து எழுதினார்: ‘சரியாகிவிட்டது. நன்றி.’

இன்னொரு சட்டத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழே லிஃப்ட் கதவின் அடிப்பள்ளத்தில் செருப்பு வார் அப்படியே கிடந்தது. குனியவில்லை.

வீட்டில் மனைவி பலகையோடு தயாராக இருந்தாள். ‘சரியாச்சா?’

“தீர்ந்ததுன்னு முத்திரை போட்டுட்டாங்க,” என்றார்.

‘போட்டுக் காட்டுங்க.’

மாட்டினார். லாக் இல்லை, ஓடும் எழுத்துகள் இல்லை. பெட்டி எழுந்திருக்கும்போது போடுகிற சின்ன மணிச் சத்தம், முதல் தடவையாக, அறை நிறையக் கேட்டது. அப்புறம் திரை விரிந்தது. வீடியோ என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று இருந்தது. அவர் திரைக்கு முன்னால் அசையாமல் நின்றார், எல்லாப் படத்திலும் நின்றது போலவே.

பின்னால் விரல் சொடுக்கும் சத்தம். திரும்பினார். மனைவியின் கண்ணில் நீர் இருந்தது, ஆனால் உதடு கேலியாகக் கோணியிருந்தது. பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

‘ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது.’

லிஃப்ட்காரர் அதை மனசுக்குள் வாசித்தார். அவள் குரலில் வாசிக்கப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து, மெதுவாக, வாசித்துப் பார்த்தார். தன் குரலில்தான் கேட்டது.

தள்ளி நின்றார்.